கேட்டால் சொல்வேன்

பெட்டிக்கு ஒன்பது.
ஒவ்வொன்றும் தனிக் குமிழுக்குள்.
நானூற்றுப் பன்னிரண்டு டாலர் என்று திரை சொல்லும்,
திரை சொல்வதை நான் சொல்வேன்.
அதற்குத்தான் சம்பளம்.
என் ஒருநாள் கூலிக்கு அதில் இரண்டரை வரும்.

இர்மா லெஹ்டினென் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
இஷ்பெமிங்கில் இந்த மாதம் வெள்ளை தவிர வேறு நிறமில்லை.
விடியுமுன் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு
பனியில் பட்டுத் தெறித்து
அவள் இடக்கண்ணுக்குள் ஊசி ஏற்றும்.
ஒற்றைத் தலைவலி என்று யார் பெயர் வைத்தார்களோ.
வாந்தியைக் கூட்டி வருகிறது,
பாதி வாக்கியத்தில் மறதியைக் கூட்டி வருகிறது,
மாதக் கடைசியில் பில்லையும்.

காப்பீட்டுக் கம்பெனி எழுதியது:
முதலில் இரண்டு மலிவு மாத்திரைகளில் தோற்றுக் காட்டுக,
பிறகே மூன்றாவது.
தோற்றாள்.
ஒன்றில் ஆறு வாரம், மற்றதில் எட்டு.
தோற்றதற்குச் சான்றிதழ் வேண்டி
மருத்துவர் அலுவலக ஃபேக்ஸ் பக்கத்தில் காத்து நின்றவள்
எனக்குத் தெரிந்து இவள் ஒருத்தி.

அனுமதி வந்தது.
அனுமதிக்குப் பின்னும் நானூற்றுப் பன்னிரண்டுதான்.
முதல் மூவாயிரம் அவள் பையிலிருந்து போகும் வரை
காப்பீடு கண் திறக்காதாம்.

அதன் பிறகு அவள் நீதிபதி ஆனாள்.
வலி வந்து கூண்டில் நிற்கும்.
பேருந்து ஓட்டும் நாளா?
அரை மாத்திரை. மீதிப் பாதி அலுமினியத் தாளில்.
தங்கை மகள் கல்யாணம் மே மாதம்:
முழுசாய் ஒன்று, உறையில் தேதி எழுதி, இப்போதே ஒதுக்கீடு.
ஞாயிற்றுக்கிழமை வலியா?
மனு தள்ளுபடி.

தள்ளுபடி.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
அது என் இழுப்பறையில்
ரப்பர் பாண்டு போட்டுக் கிடந்தது,
எண் அச்சடித்த அட்டைகளாக.
காப்பீட்டை ஓரமாய் நிறுத்திவிட்டு
அட்டை எண்ணைத் தட்டினால்
அதே மருந்து, வேறு கம்பெனி, கொஞ்சம் மங்கிய நிறம்,
முப்பத்தெட்டு டாலர்.

சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை.
சொல் என்றும் சொல்லவில்லை.
வரிசை நீளம், தொலைபேசி ஓயாது,
கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.
அவள் கேட்கவில்லை.
பேரம் பேச இது பழைய கார் விற்கிற இடமா என்ன?
தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
விலை மட்டும்
வராதவளுக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை வந்தாள், கடைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு.
"மூன்று மட்டும் தர முடியுமா?"
பிரித்து விற்பதில்லை என்றேன்.
திரை சொன்னதைத்தான்.
அவள் குனிந்து
கவுண்டர் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள்.
அந்தக் குளிர்ச்சி தேவைப்பட்டது போல.
வரிசையில் நின்றவர்கள்
தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.
அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது,
தெளிந்தது, மறுபடி வெளுத்தது.

இழுப்பறையைத் திறந்தேன்.
மருந்தாளர் ராய்ஸ் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
மாத்திரை எண்ணுகிற தட்டுக்குத் திரும்பினார்.

முப்பத்தெட்டு.
திரை அதையும் அதே முகத்தோடுதான் சொன்னது.

இர்மா கண்ணாடியைக் கழற்றினாள்.
ஒரு கண் மற்றதைவிடச் சிறுத்திருந்தது.
நன்றி சொல்வாள் என்று
என் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எப்போதிலிருந்து இந்த விலை?"

ஆகஸ்ட் கடைசியிலிருந்து என்றேன்.
கேட்டால் சொல்வேன் அல்லவா.

விரல்களை மடக்கத் தொடங்கினாள்.
டாலர் கணக்கு என்று நினைத்தேன்.
உதடு மெல்ல அசைந்தது:
செப்டம்பர் எட்டு,
செப்டம்பர் பதினைந்து,
இருபத்திரண்டு,
இருபத்தொன்பது...

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
அவள் அக்டோபருக்கு வந்திருந்தாள்.